முகப்பில் ஒரு கழிப்பறை

எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் நாகமணி முதலில் தேடுவது பெண்கள் கழிப்பறையை. உள்ளே போக மாட்டார். எட்ட நின்று, அங்கே போகும் வழியைப் பார்ப்பார். விளக்கு இருக்கிறதா, திருப்பம் இருக்கிறதா, டீக்கடைக்காரர் கண்ணில் படுமா. கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவர் நிற்பதைப் பார்த்தால் பிள்ளையைத் தொலைத்தவர் என்று நினைப்பீர்கள்.

வில்லாபுரத்திலிருந்து வரும் சௌராஷ்டிர அம்மாள். நாங்கள் வேலை பார்க்கும் கட்டட வரைபட அலுவலகத்தில் டிராப்ட்ஸ்மேன். அதற்குப் பெண்பால் எங்களில் யாருக்கும் தெரியாது. கோடு போட்டால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். மற்றபடி எல்லாவற்றுக்கும் பயம். போன் அடித்தால் திடுக்கிடுவார். முதலாளி சொக்கநாதன் கூப்பிட்டால், வீட்டுப் பாஷையில் சாமியை வேண்டிக்கொண்டே எழுந்திருப்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஒரு நாள் கேலி செய்தேன்.

"பேய் இல்லண்ணே, ஆளு," என்றார். "கல்யாணமான புதுசு. ஒரு பஸ் ஸ்டாண்டுல பின்னாடி சந்துல இருந்த கக்கூஸுக்குப் போயிட்டுத் திரும்புறேன், ஒருத்தன் குறுக்க நிக்கிறான். பேசல, தொடல. வழி மட்டும் விடல. கத்துனேன். ஹாரன் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? இன்னொரு அம்மா வரவும் விலகிட்டான். அவன் மூஞ்சி மறந்துபோச்சு. அந்தச் சந்து மறக்கல. பஸ் ஏறுற அன்னைக்குப் பொம்பளைக நாங்க தண்ணி குடிக்கிறதில்ல. எதுக்குன்னு யாராச்சும் கேட்டீகளா?"

அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை.

இந்த வருடம் திருமங்கலத்துக்குத் தெற்கே ஓர் ஊருக்குப் புது பஸ் ஸ்டாண்ட் வரையும் வேலை வந்தது. நாகமணி கழிப்பறையை முன்னாலேயே, டைம் கீப்பர் அறைக்கும் பெஞ்சுகளுக்கும் நடுவில் வைத்தார். "என் மக ஸ்வப்னா அங்கதான் பஸ் மாறி காலேஜுக்குப் போகணும்ணே," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

போன வாரம் சொக்கநாதன் வந்து வரைபடத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, திறப்பு விழாவுக்கு வாரவங்க மொதல்ல கக்கூஸையா பார்க்கணும்? முகப்புல கடை வரட்டும். இதச் சுரண்டிட்டுப் பின் சுவரு ஓரமாத் தள்ளும்மா. சாயங்காலம் பிரிண்டுக்குப் போகணும்."

டிரேசிங் தாளில் மை காய்ந்த கோட்டை அழிக்க பிளேடால்தான் சுரண்ட வேண்டும். நாகமணி ஒடித்து வைத்திருந்த பாதி பிளேடை எடுத்துத் தாளில் வைத்தார். வைத்தாரே தவிர, சுரண்டவில்லை. இந்த அம்மாளுக்கு வேலை போய்விடுமே என்று பயந்தேன்.

"பின்னாடின்னா சந்து சார். என் மக அதுல போகணும்."

"அதெல்லாம் லைட்டு போட்டுக்கலாம். வேலையப் பாரும்மா."

அவரை நிமிர்ந்து பார்க்க நாகமணிக்குத் தைரியம் வரவில்லை. தாளையே பார்த்தபடி, கூர்ப்பக்கம் தன் பக்கம் வரும்படி பிளேடைத் திருப்பி, முதலாளியிடம் நீட்டினார்.