இரண்டு விரற்கடை மரம்

மேடையேறும்போதெல்லாம் என் குறிப்புத் தாள்களின்மேல் ஒரு மரத்துண்டை வைப்பேன். இரண்டு விரற்கடை கனம். திருகாணி புகுந்த இரண்டு துளைகள். ஓரத்தில் மங்கிய கறுப்புச் சாயம். தாள் பறக்காமலிருக்க என்று கேட்பவர்களிடம் சொல்வேன். மூடிய தில்லி அரங்குகளில் தாள் பறக்கும் அளவுக்குக் காற்று வராது என்பது அவர்களுக்கும் தெரியும்.

அது அத்தையின் வேட்டைத் துப்பாக்கியிலிருந்து வந்தது. முதலில் தாத்தாவுடையது. திருநெல்வேலிக்கு மேற்கே மலைத்தோட்டமொன்றில் மேலாளராக இருந்த நெடிய மனிதர் அவர். வேட்டைக்குத் தடையில்லாத காலத்தில், யாரோ பயன்படுத்திய அந்த ரைஃபிளை வாங்கி முயலுக்குப் போவாராம். சிறுமியான அத்தை தொடக் கேட்டால், "கை எட்டட்டும், பாப்போம்" என்பதே பதில். அத்தை உயரமாக வளரவேயில்லை. தில்லி வந்தார், விமான நிலையத்தில் வேலை பார்த்தார், துவாரகாவில் வீடு வாங்கினார், தாத்தாவுக்குப் பின் துப்பாக்கி உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். ஓய்வு பெற்றதும் சுடுதளத்தில் சேர்ந்து, இரவல் துப்பாக்கியால் மூத்தோர் பதக்கம்கூட வாங்கினார். தன் அப்பாவின் துப்பாக்கியைத் தோளில் சாத்தினால் மட்டும் விசைக்கு விரல் எட்டவில்லை. கழுத்தை நீட்டிச் சுட்டதில் தோள்வலி வந்ததுதான் மிச்சம். தோளில் பதியும் மரப் பின்கட்டையில் இரண்டு விரற்கடை அறுத்துவிட்டால் சரியாகும் என்றார் பயிற்சியாளர்.

அத்தை யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் அண்ணன் மனமொப்பாமல் அறுக்கமாட்டேன் என்று, சென்ற குளிர்காலத்து ஞாயிறொன்றில் துப்பாக்கியோடு ஆர்.கே.புரத்தில் எங்கள் குடியிருப்புக்கு வந்துவிட்டார். அந்தச் சம்மதத்துக்காக ஒரு வருடமாக இரவல் துப்பாக்கியோடு காத்திருந்தவர் அவர்.

என் அப்பா பட்டிமன்றம் பேசுகிறவர். எங்கள் வீட்டில் கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்பதிலிருந்து நான் எந்தக் கல்லூரியில் சேர்வது என்பதுவரை எல்லாமே பட்டிமன்றமாகத்தான் தீரும். நிரந்தர நடுவர் அம்மா. மாற்றுவதா, காப்பதா என்று தலைப்பு வைத்தாயிற்று. அம்மா மடியில் உரிக்கவேண்டிய பட்டாணியோடு அமர்ந்தார்.

"ஏட்டி, அண்ணன் முன்னால எனக்குப் பேச்சு வராது. நீ பேசு" என்றார் அத்தை. அந்த மாதம்தான் கல்லூரிகளுக்கிடையிலான பேச்சுப் போட்டியில் சுழற்கோப்பை வென்றிருந்தேன். மறுப்பேனா?

அப்பா கட்டையைத் தடவியபடியே தொடங்கினார். கட்டையின் முனையை மூடியிருந்த அடித்தகட்டுக்குச் சற்று மேலே ஓடிய கறுப்புக் கோட்டில் விரலை நிறுத்தினார். "அழகுக்குன்னு அப்பா தன் கையால போட்ட கோடு. இதுல ரம்பத்த வச்சா அப்பாவையே அறுத்த மாதிரில்லா?" அத்தை தலைகுனிந்தார். எதிரணியாயினும் சொல்வேன், அன்று அப்பா நன்றாகப் பேசினார்.

நான் எழுந்தேன். "நடுவர் அவர்களே, சுடப்படாத துப்பாக்கிக்கும் சுவரில் அடித்த ஆணிக்கும் என்ன வேறுபாடு?" என்று ஆரம்பித்து, குரலை உயர்த்தி, தாழ்த்தி, கையை வீசி, மகளின் தோளைவிடத் தந்தைக்கு உகந்த பேழை எதுவென்று கேட்டேன்.

"அச்சா, ஜல்தி முடி. பட்டாணி தீரப்போகுது" என்றார் அம்மா.

நான் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தேன். அத்தையோ, எவ்வளவுதான் அறுக்க வேண்டும் என்று அண்ணனுக்குக் காட்ட, திருப்புளியை எடுத்து, யாரும் எந்நாளும் கழற்றாத அடித்தகட்டைக் கழற்றினார். தகட்டோடு அந்தக் கோடும் வாய் திறந்தது. மரத்தில் ஒரு துண்டு அத்தையின் உள்ளங்கையில் வந்து விழுந்தது. உள்ளே பழைய கட்டையின் முனை, அதே தகடு முன்னொரு காலத்தில் பதிந்திருந்த தடத்தோடு இருந்தது.

என் வாக்கியம் பாதியில் நின்றது. அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"ஒட்டுப் போட்டிருக்காக" என்றார் மெல்ல. "தனக்குக் கை நீளம்னு அப்பாவே மாத்தியிருக்காக, பாரு."

தகட்டை அப்பாவே பழைய தடத்தில் பொருத்திப் பிடித்தார். அத்தை குண்டில்லை என்பதை மறுபடியும் பார்த்துவிட்டு, சுவரை நோக்கித் தோளில் சாத்தினார்.

"எட்டுதா?"

"எட்டுதுண்ணே." கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

"அப்ப தீர்ப்பு சொல்ல நான் வேண்டாமா?" என்றார் அம்மா. அறுக்கவும் இல்லை, அப்படியே வைக்கவும் இல்லை. குட்டைத் திருகாணிகள் வாங்க அப்பாவே காஷ்மீரி கேட் பக்கம் போனார்.

துண்டை அத்தை என்னிடம் தந்தார். என் பேச்சால் ஒன்றும் நடக்கவில்லையே என்றேன். "நீ பேசலைன்னா அண்ணன் சொன்னதக் கேட்டுட்டு அப்பமே துப்பாக்கிய உறையில போட்டிருப்பேன். திருப்புளிய யாரு எடுக்கப்போறா?" என்றார்.

கோப்பைகள் பல வாங்கியிருக்கிறேன். இந்த நன்றிக்கு ஈடாக எதையும் வைக்கத் தோன்றவில்லை. பள்ளி நாள்களில், ஒலிபெருக்கி இல்லாத வகுப்பறைப் போட்டிகளுக்கும் துவாரகாவிலிருந்து மெட்ரோ பிடித்து வந்து, கடைசி வரிசையில் அமர்ந்து, என் குரல் தன்னை வந்து சேர்ந்ததும் கையைத் தூக்கிக் காட்டியவர் அவர்.

போன வாரம் லோதி ரோட்டில் பேசினேன். குளிரூட்டிய அரங்கு, மூலைக்கு மூலை ஒலிபெருக்கி. சுடுதளத்திலிருந்து நேரே வந்த அத்தை, வழக்கம்போலக் கடைசி வரிசையில் இருந்தார். மரத்துண்டைத் தாள்களின்மேல் வைத்தேன். "அவையோரே" என்றேன். தூரத்தில் அந்தக் குட்டைக் கை உயர்ந்தது.