கண்ணுக்கு நேரே ஒரு கம்பி

போன சனிக்கிழமை மலை ரயிலேறிக் கொடிமலைக்குப் போயிருந்தோம். நான், என் மனைவி பரமேஸ்வரி, மகள் சாந்தி... அப்புறம் அந்தச் சக்கர நாற்காலி.

பரமேஸ்வரிக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. வலது கையும் காலும் ஒத்துழைப்பதில்லை. பேச்சு வரும் — ஒவ்வொரு சொல்லாக, நிதானமாக. "உங்க ரெண்டு பேரையும் வெளியில பார்க்கவே முடியலையே?" என்று வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். "அவளுக்கு அலைச்சல் ஆகாது" என்று சொல்லிவந்தேன்.

பொய். எனக்குத்தான் வெட்கம். கோயிலிலும் பசாரிலும் 'ஐயோ பாவம்' என்று பார்ப்பார்களே... அதைத் தாங்கும் தெம்பு எனக்கு இல்லை. அவளை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு, அதற்குப் 'பாதுகாப்பு' என்று பெயரும் வைத்துக்கொண்டேன்.

சாந்திதான் விடவில்லை.

"ரயில் இருக்கு, லிஃப்ட் இருக்கு. அம்மா என்ன கண்ணாடிச் சாமானா, உடைஞ்சு போக? கெளம்புங்க லா அப்பா!"

கிளம்பினோம். நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. ரயிலில் ஒரு சீன இளைஞர் சிரித்தபடி நகர்ந்து இடம் விட்டார். மற்றவர்கள் செல்ஃபியில் மும்முரம். எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட யாருக்கு நேரம்?

மேலே குளிர்ந்த காற்று. பரமேஸ்வரி கண்ணை மூடி, மூச்சை ஆழ இழுத்தாள்.

காட்சி மேடையின் ஓரத்தில் நாற்காலியை நிறுத்தி பிரேக் போட்டேன். நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன். சும்மா இருப்பேனா? "அதோ பாலம்... இது துறைமுகம்... அந்தப் பக்கம் பட்டர்வொர்த்..." பாடம் நீண்டது. அவள் 'ம்' கூடக் கொட்டவில்லை.

"பாத்தியா சாந்தி? அம்மாவுக்கு இதுல எல்லாம் நாட்டமில்ல. கீழ போயிடலாம்."

பரமேஸ்வரி இடது கையைத் தூக்கினாள். "க... கம்..."

"கம்பளியா? குளிருதா?" என்றேன் அவசரமாக.

"அப்பா! அம்மாவ முடிக்க விடுங்க. அவங்க உயரத்துக்குக் குனிஞ்சு பாருங்க."

முழங்கால் முனகக் குனிந்தேன். பாலம் இல்லை. கடல் இல்லை. கண்ணுக்கு நேரே தடித்த கைப்பிடிக் கம்பி — அவ்வளவுதான்! என் பாடம் முழுவதையும் அவள் அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறாள்.

வீட்டில் இரண்டு வருடமாக நான் செய்ததும் இதுதானே? நாற்காலியை எனக்குச் சௌகரியமான இடத்தில் நிறுத்தினேன். அங்கிருந்து அவளுக்கு என்ன தெரிகிறது என்று ஒரு நாளும் குனிந்து பார்க்கவில்லை.

"எங்க நிறுத்தணும்? நீயே சொல்லு." கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஆசிரியனுக்கு எவ்வளவு கஷ்டமான வேலை!

அவள் விரல் காட்டிய பக்கம் தள்ளிப் போனோம். தடுப்பு தாழ்ந்திருந்த ஓர் ஓரத்தில் நிறுத்தி மறுபடி பிரேக் போட்டேன். அங்கிருந்து கடலும் அக்கரையும் முழுசாகத் தெரிந்தன.

"பாகான்... டாலாம். எங்க... வீடு."

அவள் பிறந்து வளர்ந்த இடம். என் பாடத்தில் அது இல்லவே இல்லை. ஒரு பக்கம் கோணிய அந்த வாயில் சிரிப்பு மலர்ந்ததைப் பார்த்தேன். கடவுளுக்கு நன்றி. இடம் விட்ட அந்த இளைஞருக்கு நன்றி. பிடிவாதக்காரி சாந்திக்கு எல்லோரையும்விட அதிக நன்றி.

வெகுநேரம் அங்கேயே இருந்தோம்.

"மன்னிச்சிடு பரமேஸ்," என்றேன், கிளம்பும்போது நாற்காலியைத் தள்ளியபடி. நாற்காலி நகரவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினேன்.

அவள் வாயைத் திறந்தாள். இந்த முறை நான் குறுக்கே பேசவில்லை. காத்திருந்தேன்.

"சரி... மொதல்ல... பிரேக்க... எடுங்க."