திறப்பு விழாவுக்குக் காத்திருக்கும் லிஃப்ட்

மலைக்கோயில் ஊரின் ரயில் நிலையத்தைப் புதுப்பித்துவிட்டார்கள். வாசலில் கோபுரம் மாதிரி ஒரு வளைவு, அதன் இரண்டு பக்கமும் சிமெண்ட் மயில். கார் நிறுத்த எங்கள் தோட்டம் அளவுக்கு இடம். எல்லாம் இருக்கிறது. என் அம்மா ரயில் ஏறத்தான் வழியில்லை.

கருமத்தம்பட்டியிலிருந்து கிருத்திகை தவறாமல் மலைக்குப் போவது அம்மாவின் வழக்கம். எனக்கு மொட்டை போட்ட வயதில் மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. தலையில் சந்தனத்தோடு அவள் மடியில் தூங்கிக்கொண்டே ஊர் திரும்பியது ஞாபகம் இருக்கிறது. பிறகு அகலப்பாதை போடுகிறோம் என்று ரயிலை நிறுத்தினார்கள். வருடக்கணக்கில் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். ரயில் திரும்பி வந்தபோது அவள் முழங்கால் தேய்ந்திருந்தது. மலையேற முடியாமல் அடிவாரத்தில் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு வருவாள். முருகன்கூட அவளை மேலே ஏறி வரச் சொல்லவில்லை. ஸ்டேஷன்தான் சொன்னது.

ஊர் திரும்ப நாங்கள் ஏறும் கோவை ரயில் இரண்டாவது பிளாட்பாரத்தில்தான் நிற்கும். பழைய சரக்குக் கொட்டகையை ஒட்டித் தெருவிலிருந்து நேராக அங்கே போக ஒரு வழி இருந்தது. ஒரு படி கிடையாது. காவடியும் கைக்குழந்தையும் பஞ்சாமிர்த டப்பாவுமாக ஜனங்கள் அந்த வழியில்தான் வருவார்கள். போன கிருத்திகைக்குக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியபோது அங்கே மதில் நின்றது. மதில்மேல் வேலும் மயிலும் வரைந்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லிஃப்ட்டுக்குப் போனோம். கண்ணாடிக் கதவு பளபளவென்று இருந்தது, குறுக்கே கயிறு கட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற ஊழியரைக் கேட்டேன்.

“எல்லாம் ரெடிங்க. தொறப்பு விழா முடிஞ்சாத்தான் ஓட்டுவாங்க.”

“விழா எப்பங்க?”

“பெரியவங்க தேதி குடுக்கோணுமுங்க.”

நடைமேம்பாலத்துப் படியில் ஏறினோம். அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்து மறுகாலை இழுத்து ஏறினாள். பாதியில் உட்கார்ந்துவிட்டாள். கீழே ரயில் வந்தது, நின்றது, போயும் விட்டது. நான் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒருவர் கேமராவோடு வந்தார். கட்டிய கம்பெனிக்காகப் படம் எடுக்கிறாராம்.

“ஏனுங்கம்மா, புது ஸ்டேசன் எப்படி இருக்குதுங்க?”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ரொம்ப அம்சமா இருக்குதுங்க தம்பி. சாமி ஊருக்கு ஏத்த மாதிரி கட்டியிருக்கறாங்க.”

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் பல்லைக் கடித்தேன். “ஏம்மா இப்படிச் சொன்னே?”

“மொகத்துக்கு நேரா கேக்கறாங்க. நல்லா இல்லைன்னு எப்படி அம்மணி சொல்றது?”

எங்கள் ஊர்ப் பக்கம் பந்தியில் இதுதான் வழக்கம். ரசத்தில் உப்பே இல்லாவிட்டாலும், கல்யாண வீட்டுக்காரர் இலைக்கு எதிரே வந்து நின்றால், நல்லா இருக்குதுங்க என்றுதான் சொல்வோம். அவர் மனசு நோகக் கூடாது. ஆனால் ஸ்டேஷன் யார் வீட்டுக் கல்யாணம்? எங்கள் வாய் காட்டுகிற மரியாதையை எங்கள் முழங்காலுக்கு எவன் காட்டினான்?

அன்றைக்கு பஸ்ஸில் வந்தோம். அம்மா ஒரு வாரம் எழுந்து நடக்கவில்லை.

அந்த வாரமே வீடியோ சொந்தக்காரர்கள் குரூப்பில் வந்துவிட்டது. பின்னணியில் நாதஸ்வரம், நடுவில் சிரித்தபடி அம்மா. அவள் உட்கார்ந்திருப்பது மேம்பாலத்தின் படி என்பதே தெரியாதபடி முகத்தை மட்டும் வைத்திருந்தார்கள். அவிநாசியிலிருந்து சித்தி போன் செய்தாள். “அக்கா, ஸ்டேசன் அவ்வளவு நல்லா இருக்குதாமா? அடுத்த கிருத்திகைக்கு சேந்தே போலாமுங்களா?”

“போலாங் கண்ணு,” என்றாள் அம்மா. முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த கையை அப்போதும் நிறுத்தவில்லை.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “என்னால இனி ஆகாது. நீ சித்திய கூட்டிட்டுப் போய் எனக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு வா. அந்தக் கேமராத் தம்பி இருந்தா, ஒண்ணும் சொல்லிப்போடாதே. பாவம்.”

அவரிடம் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அம்மா சொல்லாததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்: நல்லா இல்லைங்க.