மைக் செட் தசரதனும் அமெரிக்கக் கழுதையும்

திருவண்ணாமலை பேகோபுரத் தெருவில் மைக் செட் வாடகைக்கு விடும் தசரதனுக்குக் கவிதை என்றாலே ஆகாது. கல்யாணத்தில் வாழ்த்துக் கவிதை வாசிக்க வருகிறவர்கள் மைக்கை விடமாட்டார்கள். பந்தியில் சோறு ஆறிப்போகும். திட்டு தசரதனுக்கு விழும்.

அப்படிப்பட்டவரிடம் போன ஏப்ரலில் டோனா என்ற அமெரிக்கப் பெண்மணி வந்தார். அடி அண்ணாமலையில் வீடு எடுத்துத் தங்கியிருப்பவர், ஓரளவு தமிழ் பேசுவார். அவர்கள் நாட்டில் ஏப்ரல் முழுக்கக் கவிதைக்குத் திருவிழாவாம். அங்கத்திய பழைய கவிஞர்களையும் இப்போது எழுதுகிறவர்களையும் மொட்டை மாடியில் வாசிக்கப் போகிறார்களாம்.

“மாசம் ஃபுல்லாவா?” என்று தசரதன் பதறினார்.

“இங்கே ஒரு சாயங்காலம் மட்டும். சுண்டல் உண்டு.”

சுண்டலுக்காக ஒப்புக்கொண்டார்.

கூட்டத்தில் ஒல்லியான வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு வரி வாசித்துவிட்டு மலையைப் பார்த்தபடி நின்றார். சத்தமே இல்லை. மைக் போச்சு என்று தசரதன் பாய்ந்து போய் அதைத் தட்டி, “ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்!” என்றார். இதுவும் கவிதையில் சேர்த்தி என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

டோனா தசரதனைத் தனியாக அழைத்துப் போனார். “மைக் நல்லா இருக்கு. அவர் சும்மா நிற்பதும் கவிதைதான்.”

“சும்மா நிக்கறதுக்கு மைக் எதுக்குங்க?”

அடுத்து, எப்போதோ செத்துப்போன ஒரு விவசாயி எழுதியதை டோனாவே வாசித்துத் தமிழிலும் சொன்னார். தொலைந்துபோன தன் கழுதையை ஊரெல்லாம் தேடுகிறான் அவன். கழுதைக்கெல்லாம் பாட்டு உண்டா என்று தசரதனுக்கு ஆச்சரியம். கையிலிருந்த சுண்டலை மறந்து கேட்டார். பிறகு, இன்றும் உயிரோடு இருக்கும் ஒரு பெண் தன் வாஷிங் மெஷினோடு போட்ட சண்டையைப் பற்றி எழுதிய கவிதை. அதற்குச் சிரித்துச் சிரித்து அவருக்கு விக்கலே வந்துவிட்டது.

கிளம்பும்போது டோனா வாசித்த கவிதைப் புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டார். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும், இங்கிலீஷ் தெரிந்த மனைவி ரேவதி தினமும் அதைத் தமிழில் படித்துச் சொன்னாள்.

“அந்தம்மா மெஷினும் நம்ம மெஷினு மாதிரியே குதிக்குது பாரு ரேவதி!”

“இத்தினி வருஷமா நான் சொன்னா காதுல விழல. அமெரிக்காக்காரி சொன்னாதான் விழுது.”

அடுத்த மாதம் கீழ்பென்னாத்தூரில் குமரேசன் வீட்டுக் காதுகுத்து. தாய்மாமன் வளவன் வந்து சேரவில்லை. பாட்டு போடலாம் என்றால் பென் டிரைவ் மக்கர் பண்ணியது. கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியதும் தசரதன் மைக்கைப் பிடித்தார். குரல் தழுதழுக்க, “என் கழுதையைக் காணோம்! சாம்பல் நிறம், இடது காது மடங்கியிருக்கும். யாராவது பார்த்தீர்களா?” என்று ஆரம்பித்தார்.

பந்தலில் பாதிப் பேர் கழுதையைத் தேட எழுந்து ஓடினார்கள். அப்போதுதான் பைக்கில் வந்து இறங்கிய வளவனும் விஷயத்தைக் கேட்டு வண்டியைத் திருப்பிவிட்டான்.

“மாமனே போயிட்டானே! யாரு மடியில புள்ளைய வெச்சு காது குத்தறது?” என்று குமரேசன் கத்தினார். “யாருதுபா அந்தக் கழுத?”

“ஒரு அமெரிக்காக்காரருதுங்க.”

“எப்ப காணாம போச்சு?”

“நூறு வருஷத்துக்கு மேல ஆவுதுங்க.”

குமரேசன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் வேர்த்து விறுவிறுத்து வளவன் வந்தான். கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஒரு கழுதை. “காது மட்டும் மடங்கலண்ணே. மத்ததெல்லாம் கரெக்டா இருக்குது!” என்றான்.

தசரதனுக்கு உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. அதற்குள் மாமன் மடியில் உட்கார்ந்த குழந்தை கழுதையையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்தார். ஒரு சிணுங்கல்கூட இல்லை. கழுதைதான் கத்தியது.

பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தசரதன் பக்கத்தில் குமரேசன் வந்து நின்றார். வாடகையைக் குறைக்கத்தான் வருகிறார் என்று தசரதன் பயந்தார்.

“ஏம்பா, அந்தக் கழுத அப்புறம் கெடச்சுதா?”

“கெடைக்கலைங்க.”

“ச்சே,” என்றார் குமரேசன். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, தசரதன் இலையில் இன்னொரு வடையை வைக்கச் சொன்னார்.