எந்தக் கோட்டை?

கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு கோட்டைக்கு பஸ் நிற்கும். புதுக்கோட்டை, பட்டுக்கோட்டை, கந்தர்வக்கோட்டை. போர்டின் முன்பாதியைப் படிக்க முடிந்தவர்களுக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. அன்று சாயங்காலம் எனக்கு முன்பாதி தெரியவில்லை.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் வாத்தியார். அன்று மதியச் சாப்பாட்டையும் மறந்து, அறிவியல் கண்காட்சிக்காக விளக்கடியில் ஒரு கண்ணாடித் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டில் சிவப்புக் கரைசல். சும்மா கிடக்கும். தூசியோ குமிழியோ சீண்டினால் அந்த இடத்தில் ஒரு நீலப் பொட்டு வரும். பொட்டு வளையமாகி, மெதுவாக விரிந்து, ஓரம்வரை போய் அணையும். அதற்குள் நடுவில் அடுத்த வளையம் கிளம்பிவிடும்.

காய்ந்த புல்லில் தீ பரவுவதைச் சொல்லித்தான் பிள்ளைகளுக்கு இதை விளக்குவேன். எரிந்த இடம் உடனே மறுபடி எரியாது, புல் முளைக்க வேண்டும். அதனால் அலை பின்னால் திரும்பாது. எதிரெதிரே வரும் இரண்டு வளையங்கள் மோதினால் இரண்டுமே அணைந்துபோகும், மேலே எரியப் புல் இல்லை. இன்னொன்று, சின்னச் சீண்டலுக்குக் கரைசல் அசைந்துகொடுக்காது. ஓர் அளவைத் தாண்டிவிட்டாலோ பாதியில் நிற்காது. நானும் அந்த ரகம் என்பது என் மனைவியின் கட்சி.

வேலை முடிந்து ஸ்டாஃப் ரூமில் பேப்பரை விரித்தால், ஒரு சொல்லின் நடுவே மினுமினுப்பு. தட்டையே பார்த்த கண், அதுதான் என்று நினைத்தேன். கண்ணை மூடினேன். மூடிய கண்ணுக்குள்ளும் மினுங்கியது. கொஞ்ச நேரத்தில் அது பிறையாக வளைந்து, ஓரமெல்லாம் ரம்பப் பல்லாகி, இடப்பக்கம் விரிய ஆரம்பித்தது. பிறைக்கு உள்ளே கறுப்புகூட இல்லை. ஒன்றுமே இல்லை.

எதிரே இயற்பியல் சார். அவரிடம், "சார், ஒங்க மூஞ்சியில பாதியைக் காணோம்" என்றேன்.

"காணாமப் போன பாதிதான் சார் நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவர் டீயைக் குடித்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. வருஷக்கணக்காக எல்லாவற்றையும் கேலியாகவே பேசி, நான் சொன்ன எதையும் யாரும் நம்பத் தேவையில்லாதபடி நடந்துகொண்டவன் நான். உண்மையைச் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. எனக்கே தெரியாது.

என் அப்பா பக்கவாதத்தில் விழுந்தது ஏறக்குறைய இந்த வயதில்தான். விழுவதற்கு முன் கண் மறைக்குது என்றாராம். அது ஞாபகம் வந்ததும் கரைசல் அளவைத் தாண்டிவிட்டது. கை கழுவும் இடத்துக் கண்ணாடி முன்னால் போய் இரண்டு கையையும் தூக்கி, பல்லைக் காட்டிச் சிரித்துப் பார்த்தேன், வாய் கோணுகிறதா என்று. உள்ளே வந்த பி.டி. சார் வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தேன். இடப்பக்கம் தெரியாமல் பைக் ஓட்ட முடியாது. அதைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. போர்டில் 'கோட்டை' என்று இருந்தது. ஏறிவிட்டேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கும்போது நாக்கு குழறிவிட்டால்? கண்டக்டரிடமும் பேச்சைச் சுருக்கி, "கடைசி ஸ்டாப் ஒண்ணு" என்றேன்.

"ஊர் பேரு என்ன சார், ஒங்க மாமனார் பேரா? வாயால சொல்ல மாட்டேங்கிறீங்க" என்று டிக்கெட்டைக் கிழித்தார்.

சிரிக்கவில்லை. சிரித்தால் வாய் கோணுமோ என்ற பயம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிறையையே கவனித்தேன். அது அகன்று அகன்று பார்வையின் ஓரத்துக்கு நகர்ந்தது. முதலில் மறைந்த நடுப்பகுதி முதலில் தெளிந்தது. எரிந்த இடத்தில் புல் முளைத்துவிட்டது. இதைத்தானே மத்தியானம் முழுக்கத் தட்டில் பார்த்தேன் என்று தோன்றியது. தோன்றி என்ன பயன்? பாடம் தெரிந்த வாத்தியாரும் ஜன்னல் கம்பியை விடவில்லை. அப்போது சாலையோரக் கல்லில் எழுத்துகள் முதல்முறையாக முழுசாகத் தெரிந்தன. கந்தர்வக்கோட்டை.

இறங்கும்போது மண்டையின் வலப்பக்கம் இடிக்க ஆரம்பித்திருந்தது. அங்கிருந்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையைத் தூக்கச் சொல்லி, நடக்கச் சொல்லி, பார்த்ததைப் படமாகப் போடச் சொன்னார். பிறை பிறையாகப் போட்டேன்.

"மைக்ரேன் மாதிரிதான் இருக்கு. மூளையோட மேல்பரப்புல ஒரு அலை மெதுவா ஊர்ந்து போகுது சார். அது போற எடம் கொஞ்ச நேரம் வேலை செய்யாது. பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு நினைக்கிறேன். ஆனா மொதல் தடவை, இந்த வயசு. இன்னைக்கே புதுக்கோட்டை போயி ஸ்கேன் பாத்துருங்க" என்றார்.

அவ்வளவு பேச்சில் எனக்குக் காதில் விழுந்தது 'நினைக்கிறேன்' மட்டும்தான்.

வெளியே வந்ததும் போன் அடித்தது. மனைவி. அனாதையாக நின்ற பைக்கைப் பார்த்துவிட்டு இயற்பியல் சார் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்.

"எங்க இருக்கீங்க?"

"கோட்டையில."

"எந்தக் கோட்டையில?"

சொன்னேன். பிறகு பக்கவாதம், அப்பா, ஸ்கேன் என்று நான் கொட்ட, பைக்கு, போனை எடுக்காதது, சொல்லாமல் போனது என்று அவள் கொட்ட, இரண்டும் நடுவில் முட்டி, இருவருமே ஒரே சமயத்தில் நின்றுபோனோம். மேலே சொல்ல இருவரிடமும் ஒன்றும் மிச்சமில்லை. அன்றைக்கு எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது அப்போதுதான்.

"இப்ப முழுசாத் தெரியுதா?" என்றாள், தணிந்த குரலில்.

"தெரியுது."

"அங்கனயே நில்லுங்க. எந்த பஸ்லயும் ஏறாதீங்க. நான் வாரேன்."

பிற்பாடு எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இன்னொரு முறை வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். கரைசலும் அப்படித்தான், சும்மா கிடக்கும்போது அமைதியாகத்தான் தெரியும். ஆனால் அந்தச் சாயங்காலம் அதெல்லாம் தெரியாது. அவள் வந்து இறங்கி, என் முகத்தை இரண்டு பாதியாகவும் பார்த்தாள். அடுத்து வந்த பஸ்ஸின் முன்னால் போய் நின்று போர்டில் விரலை நீட்டி, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, "பு… து…" என்று ஆரம்பித்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் கடைசி எழுத்துவரை படித்து முடித்த பிறகுதான் என்னை ஏறவிட்டாள்.