நாக்கில் ஒட்டிய சாக்பீஸ்

எங்கள் தையல் ஆலையில் ஓவர்லாக் அக்காவை நல்லவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன். துணியின் ஓரம் பிரியாமல் சுற்றித் தைக்கும் அந்த ஓவர்லாக் மிஷினில் அவள் கை ஓடினால், பக்கத்து மிஷின்காரியான எனக்கே வெட்கமாக இருக்கும். அப்படிப்பட்டவளின் மானத்தை அவளுடைய நாத்தனாரே வாங்கினாள். அக்கா அதை மன்னிக்கவில்லை. எனக்கு அவளைப் பிடித்ததே அதனால்தான்.

நாத்தனார்தான் எங்கள் வரிசைக்கு சூப்பர்வைசர். ஐம்பதைத் தாண்டியவள். "என் தம்பி தலையில கட்டின தூங்குமூஞ்சி" என்று வாய்க்கு வாய் சொல்வாள். உண்மையில் அப்போது அக்காவுக்கு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும், முகம் வெளுத்திருக்கும், மிஷின் ஓடும்போதே கண் சொருகும். வீட்டு வேலையில் ஓய்ந்துபோகிறாள் என்று நாங்கள் நினைத்தோம். துணியில் கோடு போடும் சாக்பீஸ் மட்டும் மேசைகளிலிருந்து காணாமல் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் நாத்தனார் எல்லா மிஷினையும் நிறுத்தச் சொல்லிவிட்டு நேராக அக்காவிடம் வந்தாள்.

"வாயைத் திறடி."

"எதுக்கு அண்ணி?"

"திறன்னா திற!"

திறந்தாள். நாக்கெல்லாம் வெள்ளை.

"பாத்துக்குங்க எல்லாரும்! கம்பெனி சாமானைத் திருடித் திங்கிற ஜென்மத்தை என் தம்பி கட்டிக்கிட்டு அழறான்."

வரிசையே சிரித்தது. அன்றே மிஷினைப் பிடுங்கிக்கொண்டு அவளை நூல் பிசிறு வெட்டும் மேசைக்குத் துரத்தினாள். திருடி என்ற பெயர் வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அக்கா அழவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து என் காதில் சொன்னாள்: "அதே மிஷின்ல திரும்ப உக்காருவேன். அவளையும் இதே மாதிரி வாயைத் திறக்க வைக்கலேன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

பிசிறு மேசையில் அவள் மயங்கி விழுந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். டாக்டரம்மா கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள்.

"ஹீமோகுளோபின் ஏழுதான் இருக்கு. பன்னெண்டாவது வேணும். சிவப்பணு எல்லாம் சின்னதா, வெளிறிப்போய்க் கிடக்கு. ஃபெரிட்டின்னு ஒரு டெஸ்ட், உடம்பு எவ்வளவு இரும்பைச் சேத்து வச்சிருக்குன்னு காட்டும். உங்க டப்பா வழிச்சுத் துடைச்ச மாதிரி இருக்கு" என்றார்.

அக்காவின் கவலை வேறு. "சாக்பீஸைக் கண்டா கை போகுதே, அது திருட்டுப் புத்தியா டாக்டர்?"

"யார் சொன்னா? இரும்பு குறைஞ்சா சிலருக்கு சாக்பீஸ், மண்ணு, ஐஸ்கட்டின்னு கடிக்கத் தோணும். இரும்பு ஏறினா தானா நின்னுடும். மாசாமாசம் உங்களுக்கு ரத்தம் ரொம்பப் போகுது, அதுலதான் இரும்பும் போயிருக்கு. அதுக்கும் மருந்து தர்றேன்."

"மாசம் நின்னுபோனவங்களுக்கும் இது வருமா?" அக்கா கேட்ட தொனியிலேயே அவள் யாரை நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"வந்தா இன்னும் கவனமா இருக்கணும். வயித்துக்குள்ள எங்கயாவது கசியலாம், வெளிக்குக் கறுப்பாப் போகலாம். உடனே பாக்கணும்."

முதல் மாதம் ரத்தம் ஏறவே இல்லை. டீ இடைவேளையில்தான் எழுந்திருக்க விடுவார்கள் என்பதால் மாத்திரையை டீயோடு விழுங்கியிருக்கிறாள். டீ இரும்பை உடம்பில் சேரவிடாதாம். பிறகு விடிந்ததும் எலுமிச்சைச் சாற்றோடு போட்டுக்கொண்டாள். ரத்தம் ஏறியது. சாக்பீஸ் ஆசை போன இடம் தெரியவில்லை. ஹீமோகுளோபின் பன்னிரண்டைத் தொட்ட பிறகும், சேமிப்பு நிரம்பும்வரை மாத்திரையை நிறுத்தக்கூடாது என்றார் டாக்டர். அவசர ஆர்டர் வந்தபோது மேனேஜரே அவளை மிஷினுக்குக் கூப்பிட்டார். நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் திருடி என்ற சொல்லை மட்டும் அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம் நாத்தனாருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மூட்டு வலிக்குத் தினமும் வலி மாத்திரை போடுகிறவள். முகம் வெளுத்தது. கை அடிக்கடி பைக்குள் போனது, வாய் எதையோ மென்றது. அக்கா பார்த்துவிட்டாள்.

"திங்கட்டும், இன்னும் கொஞ்சம் திங்கட்டும்" என்றாள் என்னிடம். எனக்கும் இனிக்கத்தான் செய்தது.

ஆனால் ஒரு காலையில் நாத்தனார் பாதிப் படியிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தட்டுத்தடுமாறி மேலே வந்தவளைப் பார்த்ததும் அக்கா எழுந்தாள்.

"எல்லாரும் மிஷினை நிறுத்துங்க. வாயைத் திறங்க அண்ணி."

"என்னடி, திமிரா?" குரலில் காற்றே இல்லை.

"திறங்க."

திறந்தாள். நாக்கெல்லாம் வெள்ளை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அக்காவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். விடவில்லை. நாத்தனாரின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள். "மாசம் நின்னு வருஷக்கணக்காச்சே, ரத்தம் எங்க போகுது? வெளிக்குப் போனா கறுப்பாப் போகுதா?" அத்தனை பேர் முன்னாலும் கேட்டாள். நாத்தனார் கண்ணீரோடு தலையாட்டினாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால், வலி மாத்திரையால் வயிற்றில் புண், அதிலிருந்து ரத்தக் கசிவு. இன்னும் சில நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார்கள். ரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார்கள்.

கட்டிலில் கிடந்த நாத்தனார் அக்காவின் கையைப் பிடித்தாள். "என்னை மன்னிச்சிட்டியாம்மா?"

"யார் சொன்னா? நீங்க செத்துட்டா நான் யார்கிட்ட தீர்த்துக்கறது? எழுந்து வாங்க. அதே வரிசையில நின்னு, இவ திருடி இல்லன்னு உங்க வாயாலயே சொல்லணும்."

இரும்பு மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். நாத்தனார் விழுங்கும்வரை நின்று பார்த்தாள். பிறகு, நாத்தனாருக்காக வாங்கி வைத்திருந்த டீயை எடுத்து, அவள் கண் முன்னாலேயே நிதானமாகக் குடித்தாள்.