புதன்கிழமை எண்ணெய்க் குளியல்

சைதாப்பேட்டையில் செங்கல் வண்டி ஓட்டி, பிறகு சூளையே வைத்தவன் நான். தியாகராய நகரில் பாதி வீடு என் கல்லில்தான் நிற்கிறது. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு இது போதாதா? சூளையை மகனிடம் விட்டபின், புதன்கிழமை காலையில் ஊரே ஆபீசுக்கு ஓடுகிற நேரத்தில் உடம்பெல்லாம் நல்லெண்ணெயோடு வாசல் வெயிலில் உட்காருவேன்.

பக்கத்து வீட்டுக்காரர் பென்ஷன் வாங்கிய ஹெட்கிளார்க். வேலை முடிந்தும் கோட்டும் தலைப்பாகையும் அவரை விடவில்லை. தினமும் பழைய ஆபீசுக்குப் போய், இருப்பவர்களுக்கு யோசனை சொல்லிவிட்டு வருவார். ஒரு புதன்கிழமை போன சுருக்கில் திரும்பி வந்து, என் படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“புதுச் சேவகன் உள்ளே விடமாட்டேங்கறான் ஓய். யாரைப் பார்க்கணும்னு என்னையே கேக்கறான்!”

முகம் சுண்டிப்போயிருந்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

“நல்லாத்தான் கேட்டுகிறான். உமக்கு அங்க இன்னா வேல கீது சாமி? கோட்டக் கயட்டும். எண்ணெயத் தேச்சிக்கினு சொகமா குந்தும்.”

கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். பதறி எழுந்தார்.

“எண்ணெயா? எனக்குச் சனிக்கிழமைதான். இன்னிக்கு ஆபீஸ் நாளாச்சே!”

கோட்டைக் கழற்றாமலே வீட்டுக்குப் போனார். என் வண்டி மாடுகூட, நுகத்தடியை இறக்கினால் படுத்து அசைபோடும்.